செயின்சா கார்புரேட்டரை வீட்டிலேயே பிரிக்கலாமா?

கேள்வி: 3.8.2025, ஞாயிறு, மாலை 6.15

கஜா புயலுக்குப் பிறகு அப்பா வாங்கிய செயின்சா. 58 சிசி, 22 அங்குல பார், பேர் தெரியாத சீனத்து மெஷின். இரண்டு வருடமாக மாட்டுக்கொட்டகையில் தொடாமல் கிடந்தது. இப்போது சோக் போட்டு இழுத்தால் பிடிக்கிறது. சோக்கைத் திறந்த மறுநொடி அணைந்துவிடுகிறது. கடையில் காட்டினால் "கார்புரேட்டர் போச்சு, புதுசு மாத்தணும், கூலியோட ஆயிரத்து நானூறு" என்கிறார்கள். ரிப்பேர் கிட் 180 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான் படித்தது பி.காம். ஊர் ஆலங்குடிப் பக்கம். கார்புரேட்டரை மெக்கானிக் மட்டும்தான் தொடவேண்டும் என்பது என் எண்ணம். சரியா அண்ணே?

பதில்: 3.8.2025, இரவு 9.40

தப்பு தம்பி. பி.காம். தாராளமாகப் போதும். கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி போடுகிற வயது என்றால் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

பைக் கார்புரேட்டரைப் பிரித்த அனுபவம் இருந்தால் அதை மறந்துவிடுங்கள். பைக்கில் கீழே ஒரு கிண்ணம் இருக்கும். அதில் பெட்ரோல் தேங்கும், மிதவை ஏறி இறங்கி ஊசியை மூடித் திறக்கும். செயின்சாவை நாம் அப்படியா பிடிக்கிறோம்? தென்னையை அடியில் அறுக்கும்போது பக்கவாட்டில் படுக்கப்போடுகிறோம், கிளை கழிக்கும்போது தலைகீழாகத் தூக்குகிறோம். மிதவை இருந்தால் பத்து நொடியில் குழம்பிவிடும். அதனால் இதில் மிதவைக்குப் பதில் இரண்டு ரப்பர் ஏடுகள் இருக்கின்றன. டயாபிரம் என்பார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கட்டைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று.

ஒன்று பம்ப் வேலை பார்க்கிறது. பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் அறைக்குள் காற்று உறிஞ்சும், தள்ளும். அந்த மூச்சு ஒரு சின்ன ஓட்டை வழியாக வந்து டயாபிரத்தை ஆட்டுகிறது. ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாத ஓட்டத்தில், நிமிடத்துக்கு 2,800 சுற்று என்றால் நொடிக்கு ஏறக்குறைய 47 தடவை. அந்த ஆட்டத்தில்தான் டாங்கியிலிருந்து பெட்ரோல் மேலேறுகிறது. இன்னொரு டயாபிரம் அளந்து கொடுக்கிற ஆள். என்ஜின் பெட்ரோலை இழுக்க இழுக்க அது உள்வாங்கி ஒரு லீவரை அமுக்கும், லீவர் ஊசியைத் தூக்கும், பெட்ரோல் உள்ளே வரும். மொத்தக் கதையும் இதுதான்.

சோக் போட்டால் ஓடுவதும் திறந்தால் அணைவதும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: என்ஜினுக்குப் பெட்ரோல் பற்றவில்லை. சோக் காற்றை அடைத்து, உறிஞ்சுகிற வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கிறது. இரண்டு வருடம் கிடந்த மெஷினில் டயாபிரம் விறைத்துப்போயிருக்கும். கிட் போட்டால் தீரும்.

எனக்கும் 2021-இல் இதே வியாதிதான் வந்தது. பட்டறையில் கெடுத்துக் கொடுத்த கார்புரேட்டரை நானே உட்கார்ந்து சரி செய்தேன். எனக்குப் பேராவூரணிப் பக்கம், தென்னைதான் பிழைப்பு.

4.8.2025, காலை 6.50

ராத்திரி அவசரத்தில் எழுதிவிட்டேன். கிட் வாங்க ஓடாதீர்கள். முதலில் கார்புரேட்டரைத் தொடாமல் பார்க்க வேண்டியது நான்கு.

டாங்கிக்குள் குழாய் நுனியில் ஒரு பில்டர் தொங்கும். கம்பியைக் கொக்கி போல வளைத்து அதை வெளியே இழுங்கள். வாயில் வைத்து ஊதினால் தாராளமாகக் காற்று போகவேண்டும். அந்தக் குழாயை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் அங்கே காற்று புகும். மூன்றாவது, டாங்கி மூச்சுவிடும் துளை. மூடியை அரைச் சுற்று தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். தளர்த்தினால் ஓடுகிறது என்றால் கார்புரேட்டர் நிரபராதி. கடைசியாக, கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் கழுத்து. அது கீறியிருந்தால் நீங்கள் பத்து கிட் போட்டாலும் பயனில்லை. பிடித்து ஓடும் அந்தச் சில நொடிகளில் கழுத்தின் மேல் கொஞ்சம் கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயைப் பீய்ச்சி, சத்தம் மாறுகிறதா என்று கேளுங்கள். மாறினால் ஓட்டை அங்கேதான். சைலன்சர் பக்கம் படாமல் பீய்ச்சுங்கள், சூட்டில் பற்றிக்கொள்ளும்.

6.8.2025, இரவு 10.05

பில்டர் கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்ததாம், மாற்றியும் அப்படியே இருக்கிறதாம். குழாயும் கழுத்தும் நன்றாக இருக்கின்றனவாம். சரி, அப்போது பிரிக்கலாம்.

கார்புரேட்டரைக் கழற்றுவது கஷ்டமில்லை, ஏர் பில்டர் மூடி, இரண்டு நீளப் போல்ட், பெட்ரோல் குழாய்கள், ஆக்சிலேட்டர் கம்பி. கழற்றும் முன் போனில் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். எந்தக் குழாய் எந்தக் காதில் (குழாய் மாட்டும் முனையில்) இருந்தது என்பது மறுநாள் காலையில் சத்தியமாக நினைவிருக்காது.

வேலை செய்யும் இடம் முக்கியம். அடுப்படி வேண்டாம், சாமி விளக்கு இருக்கும் கூடமும் வேண்டாம். திண்ணையில் உட்காருங்கள். விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று, அதற்குள் வெள்ளை வேட்டித் துண்டு. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

அளக்கும் பக்கத்து மூடியில் நாலு ஸ்க்ரூ. மூடியை எடுத்தால் டயாபிரம், அதன் நடுவில் ஒரு குமிழ். அதைத் தூக்கினால் கீழே லீவர். ஒரு குட்டி அச்சுக் கம்பியில் அது உட்கார்ந்திருக்கும், அந்தக் கம்பியை ஒரு ஸ்க்ரூ பிடித்திருக்கும். லீவரின் வாலுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. ஸ்க்ரூவைத் தளர்த்தும்போது இன்னொரு கை விரலால் லீவரை அமுக்கிப் பிடிக்கவேண்டும். நான் பிடிக்கவில்லை. "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். கட்டிலுக்கு அடியில், கோதுமை டின்னுக்குப் பின்னால், பாயைச் சுருட்டி எல்லாம் தேடினோம். வீட்டுக்காரி ஸ்பீக்கரில் இருந்த காந்தத்தைக் கொண்டுவந்து தரை முழுக்கத் தடவினாள், இரண்டு குண்டூசியும் ஒரு கொக்கியும் கிடைத்தன.

அப்புறம் நான் செய்த காரியத்தைச் சிரிக்காமல் படியுங்கள். பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டேன். மெஷின் ஓடியது, ஆனால் வெறும் இரைச்சல், அமுக்கினால் அழுகை. அந்த ஸ்பிரிங்கின் விறைப்புதான் ஊசி எப்போது திறக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. கிட்டில் ஸ்பிரிங் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவான கிட் சிலவற்றில் ஏடும், இடையில் வைக்கும் மெல்லிய அட்டையான பேக்கிங்கும் மட்டும்தான் இருக்கும்.

7.8.2025, மதியம்

தாம்பாளம் பூஜைக்கு வைத்திருப்பதா என்று உங்கள் அம்மா கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

10.8.2025, ஞாயிறு

டயாபிரம் ஏன் விறைக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பழைய ஏட்டையும் கிட்டில் வந்த புது ஏட்டையும் இரண்டு கையிலும் எடுத்துக் காதருகே ஆட்டிப் பாருங்கள். புதுசு ஈர வாழையிலை மாதிரி சத்தமில்லாமல் மடியும். பழசு காய்ந்த சருகு மாதிரி சலசலக்கும். என்ஜினின் இழுப்பு ரொம்ப மெல்லியது. சருகை அதனால் வளைக்க முடியாது, லீவர் அசையாது, பெட்ரோல் வராது. சோக் போட்டால் இழுப்பு பலமாகிறது, சருகும் கொஞ்சம் வளைகிறது. உங்கள் மெஷின் செய்வது அப்படியே இதுதான்.

எத்தனால் பற்றி ஒரு பேச்சு. 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் இ20, அதாவது நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல், வந்தது. இப்போது பெரும்பாலும் எங்கே போட்டாலும் அதுதான். நான் நம்பாமல் ஒரு நாள் சோதித்தேன். மில்லி கோடு போட்ட பழைய பால் புட்டியில் 20 மில்லி தண்ணீர், அதன் மேல் 100 கோடு வரை பெட்ரோல். மூடி, குலுக்கி, மூடியைக் கொஞ்சம் திறந்து வாயுவை வெளியேற்றி, நிற்க வைத்தேன். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். கீழே இருந்த தண்ணீர்க் கோடு 20-இலிருந்து 35-க்கு ஏறி நின்றது. 80 மில்லி பெட்ரோலில் ஏறக்குறைய 15 மில்லி எத்தனால், அதாவது சாராயம், என்று கணக்கு. (அந்தப் புட்டியை உடைத்துப் போட்டுவிட்டேன். வீட்டில் கைக்குழந்தை கிடையாது என்றாலும் பயம்.)

இதனால் என்ன கேடு என்றால், எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும். மாதக்கணக்கில் டாங்கியில் நின்றால், அதுவும் நம் ஊர் ஐப்பசி மழைக்காலத்தில், தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். பில்டர் குண்டு கிடப்பதும் அடியில்தான். முதல் இழுப்பில் உள்ளே போவது அந்தக் கஷாயம். அலுமினியம் வெள்ளை பூக்கும், ரப்பர் தன் மென்மையை இழக்கும்.

எத்தனால்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அடித்துப் பேசுகிறவர்களோடு நான் இல்லை. என் முதல் டயாபிரம் விறைத்த காலத்தில் இ20 கிடையாது. கலந்த பெட்ரோலை உள்ளே விட்டுவிட்டு ஏழு மாதம் படுக்கப்போட்டது நான். இப்போதெல்லாம் வேலை முடிந்தால் டாங்கியைக் கவிழ்த்துவிட்டு, தானாக அணையும் வரை ஓடவிடுகிறேன்.

17.8.2025, ஞாயிறு, இரவு 8.30

கிட் போட்டாயிற்று. வெளியே இருக்கும் ரப்பர் குமிழை அமுக்கினால் பெட்ரோல் ஏறுகிறது. மெஷின் பிடிக்கிறது, ஐந்து நொடி ஓடி அணைகிறது. மறுபடி குமிழை அமுக்கினால் மறுபடி ஐந்து நொடி. "முன்னைவிட மோசமாயிடுச்சுண்ணே" என்று எழுதியிருக்கிறீர்கள்.

மோசமாகவில்லை, இது வேறு வியாதி. குமிழ் நிரப்பிக் கொடுத்ததைக் குடித்துவிட்டு நிற்கிறது. அதாவது பம்ப் ஓடவில்லை. நீங்கள் போட்டோ அனுப்புமுன் நானே சொல்லிவிடுகிறேன்: பம்ப் பக்கத்தில் பேக்கிங்கையும் டயாபிரத்தையும் இடம் மாற்றி வைத்திருப்பீர்கள்.

அளக்கும் பக்கத்தில் உடம்பின் மேல் முதலில் பேக்கிங், அதன் மேல் டயாபிரம், பிறகு மூடி. பம்ப் பக்கத்தில் நேர் எதிர்: உடம்பின் மேல் முதலில் டயாபிரம், அதன் மேல் பேக்கிங், பிறகு மூடி. பம்ப் டயாபிரத்தில் நாக்கு மாதிரி இரண்டு வெட்டு இருக்கிறதல்லவா, அவைதான் வால்வு. ஒன்று வரும் வழி, இன்னொன்று போகும் வழி. நடுவில் பேக்கிங்கைச் செருகினால் நாக்குகள் ஓட்டையின் மேல் படியாது. தள்ளுகிற பெட்ரோல் முழுவதும் வந்த வழியே திரும்பும்.

சந்தேகமிருந்தால் பழைய பேக்கிங் எங்கே ஒட்டிக்கொண்டிருந்தது என்று உங்கள் போட்டோவிலேயே பாருங்கள். போட்டோ எடுக்கச் சொன்னது அதற்குத்தான்.

18.8.2025, காலை

அதுவேதான் என்று எழுதியிருக்கிறார். ஓடுகிறதாம்! ஆனால் ஐட்லிங் நிலைக்கவில்லையாம். வருகிறேன், பால் கறந்துவிட்டு.

18.8.2025, இரவு

மாடு உதைத்ததில் காலையில் வர முடியவில்லை. அது தனிக்கதை.

நேற்று சொல்லாமல் விட்டது ஒன்று. பம்ப் ஓடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் வைக்கும் பேக்கிங்கில் பெரிய வட்டத்துக்குப் பக்கத்தில் கடுகளவு ஓட்டை ஒன்று இருக்கும். என்ஜினின் மூச்சு வருவது அதன் வழியே. பேக்கிங்கைத் திருப்பி வைத்தால் போல்ட் ஓட்டை பொருந்தும், பெரிய வட்டம் பொருந்தும், கடுகு ஓட்டை மட்டும் அடைபடும். எனக்கு இது புரிய ஒன்றரை நாள் ஆயிற்று. அந்த ஒன்றரை நாளில் கார்புரேட்டரை ஆறு முறை பிரித்தேன்.

24.8.2025, ஞாயிறு

ஊசி சரியாக உட்காருகிறதா என்று பார்க்கப் பட்டறையில் பிரஷர் கேஜ் வைத்திருப்பார்கள். நம் வீட்டில் இருப்பது அப்பாவின் பிபி பார்க்கும் கருவி. கையில் சுற்றும் துணியைக் கழற்றிவிட்டு, ரப்பர் பந்தின் குழாயைக் கார்புரேட்டரின் பெட்ரோல் காதில் மாட்டி 250 வரை அமுக்குங்கள். ஒரு நிமிடம் முள் அசையாமல் நின்றால் ஊசி நன்றாக இருக்கிறது. இறங்கினால் கார்புரேட்டரை ஒரு கிண்ணம் பெட்ரோலில் முக்கி, குமிழி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஊசி வழியாக வந்தால் ஊசியின் கருப்பு முனையில் மோதிரம் போல ஒரு தேய்மானம் தெரியும், அல்லது இருக்கையில் தூசி.

அப்பா பார்த்துவிட்டு, "இருநூத்தம்பதா? உப்பைக் குறைக்கச் சொல்லு" என்றார்.

லீவர் உயரத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: கிட் லீவரை மாட்டியபின் நுனியின் உயரம் பழையதன் உயரமே இருக்கவேண்டும். உடம்பின் குறுக்கே இரும்பு ஸ்கேலை நிறுத்தி, நுனிக்கும் ஸ்கேலுக்கும் உள்ள இடைவெளியைப் பழையதைக் கழற்றும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். உயரமாக இருந்தால் பெட்ரோல் அளவுக்கு மீறி வந்து பிளக் நனையும். தாழ்ந்தால் பசி. வளைக்கவேண்டி வந்தால் லீவரை வெளியே எடுத்து வளையுங்கள். உள்ளே வைத்து நெம்பினால் ஊசியின் முனைதான் நசுங்கும்.

31.8.2025, ஞாயிறு, இரவு 11.20

முதல் நாள் குறிப்பில் "பட்டறையில் கெடுத்துக் கொடுத்த கார்புரேட்டர்" என்று எழுதினேன். ஒரு மாதமாக அந்த வரி உறுத்துகிறது. திருத்தி எழுதுகிறேன்.

பட்டறையில் நடந்தது, பம்ப் மூடியின் ஒற்றை ஸ்க்ரூவைப் பொருந்தாத திருப்புளியால் திருகித் தலையை மழுக்கியது. அது மட்டும்தான். அதை ஹாக்சா பிளேடால் குறுக்கே ஒரு பள்ளம் கீறி, தட்டைத் திருப்புளி போட்டுப் பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டேன். மிச்சக் கேடு முழுக்க என் கைவேலை.

இரண்டு காரியம் செய்தேன். முதலாவது ஸ்டவ் பின். வீட்டில் பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் பின் ஒன்று கிடந்தது. பெட்ரோல் வரும் எல்லா ஓட்டையிலும் அதை விட்டுக் குத்தினேன். ஆக்சிலேட்டரை அமுக்கினால் திறக்கிற திராட்டில் தகட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று புள்ளி ஓட்டைகள் வரிசையாக இருக்கும், ஐட்லிங்குக்கு உரியவை. அவை தலைமுடி அளவு. என் பின் போய் வந்ததும் அவை குண்டூசி அளவு. துளையின் அளவுதான் அங்கே அளவை. பித்தளையும் அலுமினியமும் எஃகுக்கு முன் வெண்ணெய்.

இரண்டாவது அதைவிட மோசம். பஞ்சர் கடைக்கு எடுத்துப்போய், டயருக்குக் காற்றடிக்கும் குழாயை வைத்து எல்லா வழியிலும் அடித்தேன். சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷம். காற்றுப்பாதை நடுவில் எட்டிப் பார்க்கும் முனை இருக்கிறதே, பெரிய பெட்ரோல் வழி, அதற்குள் ஒரு செக் வால்வு இருக்கிறது. ஒரு சின்னப் பிளாஸ்டிக் வட்டு. பெட்ரோலை வெளியே விடும், காற்றை உள்ளே விடாது. அந்த வட்டு பஞ்சர் கடைக் காற்றைத் தாங்கவில்லை. அதன்பின் ஐட்லிங்கில் அந்த வழியாகக் காற்று புகுந்து அளக்கும் அறையைக் கெடுத்தது. ஐட்லிங் பெட்ரோலுக்கான எல் ஸ்க்ரூவை மூன்று சுற்று திறந்தால்தான் ஐட்லிங் நிலைத்தது.

சோதிப்பது எளிது. அளக்கும் பக்கத்திலிருந்து அந்த முனைக்குப் போகும் துளையின் மேல் மெல்லிய ரப்பர் குழாயை அழுத்தி வையுங்கள், முழு வேகத்துப் பெட்ரோலுக்கான எச் ஸ்க்ரூ கொஞ்சம் திறந்திருக்கட்டும். ஊதினால் காற்று போகவேண்டும். உறிஞ்சினால் குழாய் நாக்கில் ஒட்டிக்கொள்ளவேண்டும். என்னுடையது ஊதினாலும் போனது, உறிஞ்சினாலும் வந்தது. பெட்ரோல் வாசம் மூன்று நாள் ஏப்பத்தில் வந்தது. காய வைத்துவிட்டு உறிஞ்சுங்கள்.

தம்பி, உங்கள் ஐட்லிங் நிலைக்காததற்கு இதுவா காரணம் என்று பார்த்துச் சொல்லுங்கள். காற்று அடித்தீர்களா?

1.9.2025

அடித்தாராம். சைக்கிள் பம்பில். சைக்கிள் பம்ப் என்றால் பிழைத்திருக்கும். ஊதி உறிஞ்சிப் பார்த்ததில் ஒட்டிக்கொள்கிறதாம். நல்லது. அப்போது ஐட்லிங் வழியில் அடைப்பு, அல்லது வெறும் டியூனிங்.

7.9.2025, ஞாயிறு

டியூனிங். இதில்தான் மெஷின் சாகும், ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

மூன்று ஸ்க்ரூ. எல் ஐட்லிங் பெட்ரோல், எச் முழு வேகத்துப் பெட்ரோல், மூன்றாவது தகட்டை நிறுத்தி வைப்பது, டி என்று போட்டிருக்கும். எல்லும் எச்சும் வலப்பக்கம் திருகினால் பெட்ரோல் குறையும், இடப்பக்கம் கூடும். இரண்டையும் மெதுவாக வலப்பக்கம் முட்டும் வரை கொண்டுபோங்கள். முட்டியபின் இறுக்காதீர்கள், ஊசி முனை பள்ளமாகும். பிறகு இரண்டையும் ஒன்றேகால் சுற்று திறங்கள். இது தொடங்க ஒரு இடம்தான், முடிவு இல்லை. ஏர் பில்டர் சுத்தமாக, மாட்டப்பட்டு இருக்கவேண்டும்.

சூடானபின் எல் ஸ்க்ரூவை இங்கும் அங்கும் கால் கால் சுற்றாகத் திருகி, எங்கே சத்தம் அதிகம் ஏறுகிறதோ அங்கே நிறுத்தி, அதிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் விடுங்கள். ஆக்சிலேட்டரை அமுக்கியதும் தயங்காமல் எழவேண்டும். பிறகு டி. செயின் அசையாமல் நிற்கும் வேகத்தில் வையுங்கள். ஐட்லிங்கில் செயின் ஊர்ந்தால் அந்த மெஷினை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

எச் ஸ்க்ரூவுக்குக் காது வேண்டும். முழு வேகத்தில் வெறுமனே அமுக்கினால் மெஷின் கொஞ்சம் கரகரக்கவேண்டும், தொண்டையில் சளி மாதிரி. கட்டையில் வைத்து அழுத்தியதும் அந்தச் சளி தெளிந்து சுத்தமான சத்தம் வரவேண்டும். வெறும் ஓட்டத்திலேயே விசில் போல சுத்தமாகக் கத்தினால் பெட்ரோல் குறைவு. கேட்க இனிமையாக இருக்கும், வேகமும் கூடும். ஆனால் டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது, சூடும் ஏறுகிறது, பிஸ்டன் சைலன்சர் பக்கத்தில் உரசிக் கோடு கோடாகிவிடும். 180 ரூபாய் கிட்டில் ஆரம்பித்த வேலை சிலிண்டர் செட்டில் போய் முடியும்.

ஆயில் கணக்கு கேட்டிருந்தார்கள்: 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி. 40-க்கு 1 என்றால் 25 மில்லி. 50-க்கு 1 என்றால் 20. மெஷினோடு வந்த தாளில் என்ன போட்டிருக்கிறதோ அது. தாள் தொலைந்த சீனத்து மெஷினுக்கு நான் 25-க்கு 1 ஊற்றுகிறேன். புகை வந்தால் கொசு போகும்.

14.9.2025

வெல்ஷ் பிளக்கைப் பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஐட்லிங் ஓட்டைகளுக்கு மேல் ஒட்டிய அந்தக் காசு மாதிரி வட்டத் தகடுதான் அது. அதற்கு அடியில் இருக்கிற அறையில் பிசின் அடைத்தால் ஸ்ப்ரே மட்டும் போதாது, தகட்டை எடுக்கவேண்டும். கூர்மையான சின்ன உளியைத் தகட்டில் சாய்வாக வைத்து மெல்லத் தட்டி, குத்தி, நெம்பி எடுங்கள். செங்குத்தாக அடித்தால் கீழே உள்ள அறை ஓட்டையாகும். புதுசை மேடான பக்கம் மேலே இருக்க வைத்து, அதே அகலமுள்ள தட்டை முனையால் தட்டினால் தகடு விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். விளிம்பைச் சுற்றி நகப்பூச்சு ஒரு கோடு. என் மகளின் மெரூன் நிறம். காற்றுப் புகாது, கல் மாதிரி இருக்கும்.

3.10.2025

ஆயுத பூஜைக்குப் பட்டறை அறையைக் கழுவினோம். பழைய மர ஸ்டூலின் கால் இடுக்கில் ஒரு ஸ்பிரிங். நாலு வருடம். துருவே இல்லை. சந்தனம் வைத்துச் செயின்சாவுக்கு முன்னால் வைத்தோம்.

12.10.2025, ஞாயிறு

செப்டம்பர் 14 குறிப்பில் நகப்பூச்சு "கல் மாதிரி இருக்கும்" என்றேன். பழைய பெட்ரோல் காலத்து நம்பிக்கை அது. ஜூனில் பூசிய இன்னொரு கார்புரேட்டரை நேற்றுத் திறந்தேன். விளிம்பில் பூச்சு வெளுத்து, நகத்தால் சுரண்டினால் பாலாடை போல உரிந்து வருகிறது. இ20-இல் ஊறினால் இந்தச் சாதாரண நகப்பூச்சு நிற்பதில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. தகடு ஒழுங்காக விரிந்திருந்ததால் ஒழுகவில்லை. பிபி கருவியில் 250 நின்றது. ஆக, தகட்டைத் தட்டும் வேலையைச் சரியாகச் செய்யுங்கள், நகப்பூச்சை நம்பி அரைகுறையாக விடாதீர்கள். பூசினவர்கள் கோபித்துக்கொள்ளவேண்டாம்.

என்னுடைய அந்தக் கெட்டுப்போன முதல் கார்புரேட்டர் என்னவாயிற்று என்று கேட்டவருக்கு: செக் வால்வு முனையைத் தனியாக மாற்றப் பார்த்தேன். தட்டி எடுத்தேன், புதுசு அளவு கிடைக்கவில்லை. கடைசியில் 550 ரூபாய்க்குப் புதுசு வாங்கிப் போட்டேன். "புதுசு மாத்தணும்" என்று அந்தப் பட்டறைக்காரர் முதல் நாளே சொன்னார், நான்தான் கேட்கவில்லை. ஆனால் அவர் சொன்னபோது அது நல்ல கார்புரேட்டர். ஒரு விறைத்த ஏடும் ஒரு மழுங்கிய ஸ்க்ரூவும்தான் குறை. மாற்றும் அளவுக்கு அதைக் கெடுத்தவன் நான். இதில் யார் சொன்னது சரி என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

16.11.2025, ஞாயிறு

இன்றோடு கஜா கரையேறி ஏழு வருடம். 2018 நவம்பர் 16, விடியுமுன் வேதாரண்யம் பக்கம் ஏறியது. விடிந்து பார்த்தால் எங்கள் தோப்பில் 143 தென்னை படுத்துக் கிடந்தது. மரம் அறுக்க மெஷினோடு வந்தவர்கள் கேட்ட கூலியைக் கொடுக்க முடியாமல்தான் ஊருக்குள் ஆளுக்கொரு செயின்சா வந்தது. அதுவரை எங்களுக்கு அரிவாளும் ரம்பமும்தான். பெட்ரோலில் ஆயில் கலக்கவேண்டும் என்றுகூடத் தெரியாமல் முதல் வாரமே மூன்று மெஷின் இறுகிப்போன தெரு என்னுடையது. தென்னைத் தடி வெளியே கல், உள்ளே நார். மணல் வேறு அப்பியிருக்கும். ஒரு மரத்துக்கு ஒரு தடவை செயினை அராவ வேண்டியிருந்தது.

தம்பி நேற்று எழுதியிருக்கிறார். மழையில் பக்கத்து வீட்டுப் பலாமரத்தின் கிளை பாதையில் விழுந்துவிட்டதாம். மெஷினை எடுத்துப்போய் நாலாவது இழுப்பில் பிடித்ததாம். ஐட்லிங் நிலைக்கிறது, செயின் ஊரவில்லை. தெருவே வேடிக்கை பார்த்ததாம். ஆனால் அறுப்பு நேராகப் போகாமல் வலப்பக்கமாக வளைந்து வளைந்து போகிறது, பொடி மாவு மாதிரி கொட்டுகிறது. "இது எச் ஸ்க்ரூவா, எல் ஸ்க்ரூவாண்ணே?"

இரண்டும் இல்லை. திருப்புளியைக் கீழே வையுங்கள். ஒரு பக்கப் பல் மொட்டை. செயினில் என்ன எண் குத்தியிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள், எந்த அரம் என்று சொல்கிறேன்.